ஆஸ்பத்திரிக்கும் துணைக்குப் போவோம்

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக நமக்குத் தெரிந்திருக்கிறது. அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம் அது. புகாரை இரண்டு பிரதி எழுத வேண்டும், ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும், வெறும் மனு ரசீதைக் கொடுத்து அனுப்பப் பார்த்தால் எழுந்து வரக்கூடாது, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை போடும்வரை உட்கார வேண்டும், டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். இதெல்லாம் பத்தாவதோடு படிப்பை விட்ட நம் பையனுக்கும் இன்று மனப்பாடம். அதைவிட முக்கியம், ஸ்டேஷனுக்கு யாரும் தனியாகப் போவதில்லை. பத்துப் பேராவது போகிறோம். வெளியே டீக்கடையில் இன்னும் இருபது பேர் நிற்கிறார்கள்.

அதே சேரியில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கைக்குழந்தைக்கு மூச்சு வாங்கினால், அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் மட்டும் தனியாகத்தான் ஓடுகிறாள். புருசன் வெளியூர் வேலையில் இருப்பான், அல்லது யாரிடம் பணம் புரட்டலாம் என்று தெருத்தெருவாக அலைவான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். அங்கே ஜி.எச்.சுக்கு. அங்கிருந்து மெடிக்கல் காலேஜுக்கு. நாலு படி ஏறி முடிப்பதற்குள் விடிந்துவிடும். குழந்தைக்கு என்ன நோவு என்று நாலு இடத்திலும் அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "என்னான்னே சொல்லல தம்பி, மேல கொண்டுபோவச் சொன்னாங்க." இந்த ஒரு வார்த்தையை எத்தனை சாவு வீடுகளில் கேட்டுவிட்டு, பறை முழங்க அடக்கம் செய்துவிட்டு, அடுத்த நாள் நம் கூட்டத்துக்குப் போஸ்டர் ஒட்டப் போயிருக்கிறோம்?

காவல் நிலையம் அதிகாரத்தின் இடம் என்று கண்டுகொண்ட நாம், ஆஸ்பத்திரியும் அப்படிப்பட்ட இடம்தான் என்பதை ஏன் கண்டுகொள்ளவில்லை? குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பது தாயின் பாடு, குடும்பத்தின் பாடு, விதியின் பாடு என்று ஏன் ஒதுக்கி வைத்தோம்?

இது புதுக் கேள்வி இல்லை. பாபாசாகேப் அம்பேத்கர் தம் வாழ்வில் பட்டதையும் பிறர் பட்டதையும் எழுதிவைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் ஒரு கடிதத்தை எடுத்துத் தருகிறார். 1929 டிசம்பர் 12-ஆம் தேதி 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதம். எழுதியவர் கத்தியவார் பகுதியில் தீண்டப்படாதாரின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருடைய மனைவி குழந்தை பெற்று இரண்டே நாளில் நோயில் விழுகிறார். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் இருவர் இரண்டு ரூபாய் ஃபீஸுக்கு ஜாமீன் நின்றபிறகு, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாகச் சொல்கிறார். பச்சை உடம்புக்காரியைப் பிள்ளையோடு வெளியே தூக்கிவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் வாத்தியாரிடம், வாத்தியார் மனைவியிடம். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிவிட்டுப் போகிறார் டாக்டர். மறுபடி வந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் செத்துப்போகிறார். இதைப் பதிவு செய்த அம்பேத்கரும் குழந்தைகளைப் பறிகொடுத்த தகப்பன்தான். அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926-இல்.

இன்று நம் ஆஸ்பத்திரிகளில் அப்படி இல்லை என்பார்கள். உண்மைதான், ஸ்டெதஸ்கோப் நம் பிள்ளைகளின் நெஞ்சிலும் படுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இந்தியாவில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்க, தமிழ்நாட்டில் அது 13. இதைச் சாதித்தவர்களில் கிராம சுகாதார செவிலியர்களும் அரசு டாக்டர்களும் முன்வரிசை. அதை மறுக்கிறவன் நம் ஆள் இல்லை. ஆனால் சராசரி என்பது ஊரையும் சேரியையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த கணக்கு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகள் சாதிவாரியாகப் பிரித்துப் போடுகிற அகில இந்தியப் பட்டியலைப் பாருங்கள். ஐந்து வயதுக்குள் சாகும் குழந்தைகளின் விகிதம் தலித், பழங்குடி வரிசையில்தான் திரும்பத் திரும்பக் கூடுதலாக நிற்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவத்தைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010-இல் வந்தது. மருந்து கொடுக்கும் கையில், தொட்டுப் பார்ப்பதில், ஒதுக்கும் நேரத்தில், வீட்டுக்கு வந்து பார்ப்பதில் எல்லாம் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை அது குழந்தைகளின் வாயாலேயே பதிவு செய்தது.

நம் பக்கத்தில் அது வேறு வேஷத்தில் வருகிறது. தொடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள். ஆனால் சொல்வதில்லை. நாம் சொல்வதைக் கேட்பதும் இல்லை.

என் மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். "என்ன மருந்து போடறீங்க சார்?" என்று டூட்டி டாக்டரிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது, "நீங்க என்ன பண்றீங்க?" பேங்க் என்றேன். உட்காரச் சொன்னார். பத்து நிமிஷம் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பெரும்பாலும் பயமில்லை, திரும்ப வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் உடனே தூக்கிவாருங்கள். நல்ல டாக்டர். பக்கத்துக் கட்டிலிலும் அதே வலிப்போடு ஒரு பையன். அவன் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். நான் கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்டார். "நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா? எழுதிக் குடுத்தத வாங்கிப் போடு." அதே டாக்டர்தான் சொன்னார். என் சாதி அந்த அம்மாவின் சாதிதான். என் வேலை அதை அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது, அவ்வளவே.

அந்தப் பத்து நிமிஷ விளக்கம் அந்தத் தாய்க்குக் கிடைக்கவில்லை. அடுத்த தடவை வலிப்பு வரும்போது அவர் பையன் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார், பல்லைப் பிரிக்கக் கரண்டியை விடுவார். அப்போது 'இந்த ஜனங்களுக்கு அறிவே வராது' என்று பேசும் பொதுப்புத்தி. விவரத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, விவரம் இல்லாதவர்கள் என்று பட்டம் கட்டுவதுதான் காலங்காலமாக நடப்பது. பள்ளிக்கூடத்தில் செய்ததையே வார்டிலும் செய்கிறார்கள்.

இத்தனைக்கும் வைத்தியம் நமக்கு அந்நியமானதா? அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். ஊர்த்தெருப் பிள்ளைகளின் தொப்புள்கொடியை அறுத்தவர்களில் நம் பாட்டிகளும் உண்டு. பேதியில் துவண்ட பிள்ளையைத் தொட்டுப் பார்த்து "உச்சி உழுந்துடுச்சி" என்று அவர்கள் சொன்னதைத்தான் மருத்துவ நூல் நீரிழப்பின் அறிகுறி என்று எழுதுகிறது. கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களிடம், உப்புச்சர்க்கரைக் கரைசலும் பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் உயிர் காக்கும் என்ற மீதி விவரத்தை மரியாதையோடு சொன்னால் போதும்.

அடுத்தது தாள். நான் பிழைப்பது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து. ஒரு சீட்டு மனுசனை எப்படி நிறுத்தி வைக்கும் என்று தினம் பார்க்கிறேன். சலான் நிரப்பத் தெரியாதவர் வரிசையில் கடைசிக்குப் போவார். ஆஸ்பத்திரியில் அந்த வரிசை உயிரோடு சம்பந்தப்பட்டது. ஓ.பி. சீட்டு, தாய் சேய் அட்டை, ஊசி போட்ட தேதி, ரத்தப் பரிசோதனைத் தாள், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் "போய் எடுத்துட்டு வா". சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் எந்தத் தாளை எங்கே பத்திரப்படுத்துவார்கள்? புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஊசி இலவசம்தான், ஆனால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது. தவணை தவறினால் திட்டு விழுவது அவளுக்கு.

சீட்டு போடும் இடத்தில் இன்னொரு கேள்வியும் வரும். "எந்த ஊரு? ஊரா, காலனியா?" அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்போம். சொல்லைத் தாளிலிருந்து எடுக்கலாம், கவுண்டரில் இருப்பவர் பார்வையிலிருந்து யார் எடுப்பது?

ஒரு டாக்டர் சரியான கேள்வியைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேங்கைவயல் சாட்சி. 2022 டிசம்பர் கடைசியில் அந்தத் தெருக் குழந்தைகளுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல். குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொட்டியில் ஏறிப் பார்த்தபோதுதான் மலம் கலந்திருந்தது தெரிந்தது. மாத்திரையைக் கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தக் கொடுமை வெளியிலேயே வந்திருக்காது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகையில் காட்டியது அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவரை. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், இன்னும் பேசுவோம். இங்கே சொல்ல வருவது, குழந்தையின் நோயை 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே போனால் அது தண்ணீரில், கூலியில், நிலத்தில், சாதியில் போய்த்தான் நிற்கும். கேட்க விடாமல் வைப்பதில் பலருக்கு லாபம் இருக்கிறது.

சொல்லாமல் விடுவது உயிரைக் குடிக்கும் என்பதற்கு இன்னொன்று. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு இருமல் சிரப்பால் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து. அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது. அந்தக் கலப்பு குற்றம், தனிக்கதை. ஆனால் அந்த வகைச் சளிமருந்துக் கலவையையே நாலு வயதுக்குக் கீழே தரக்கூடாதென்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது. யாரிடம் சொன்னது? ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்த எந்தத் தாய் காதுக்கு அது வந்தது?

ஆகவே தோழர்களே, கிளைக்கு இருவர் வேண்டும். ஒருவர் கட்டாயம் பெண். ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போவதுபோல் ஆஸ்பத்திரிக்கும் துணைக்குப் போகிறவர்கள். டாக்டர் வேலை பார்க்கவோ மருந்து சொல்லவோ அல்ல. கூட நிற்க, கேட்க, எழுதிக்கொள்ள. மாணவத் தோழர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது இதைச் செய்யலாம். ஆங்கிலத் தாளைப் படித்துச் சொல்வதே பெரிய உதவி.

அவர்களுக்கு எது தெரிந்திருக்க வேண்டும்? முதலில், காத்திருக்கக் கூடாத நேரம் எது என்பது. பால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், மூச்சிழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிவது. மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதிலிருந்து ஐந்துக்குள் 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. 108-ஐக் கூப்பிடக் காசில்லை. இதைச் சேரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இரண்டாவது, கேட்க வேண்டிய கேள்விகள். என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? இந்த மருந்து எதற்கு, எத்தனை நாள்? பிள்ளையின் எடை இன்றைக்கு எவ்வளவு? குழந்தைக்கு மருந்தின் அளவு எடையை வைத்துத்தான், அதனால் எடை போடாமல் எழுதினால் கேட்கலாம். எதைக் கண்டால் திரும்ப வரவேண்டும்? மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஏன் அனுப்புகிறார்கள், இங்கே என்ன கொடுத்தார்கள் என்பதை எழுதி வாங்க வேண்டும். அங்கே போன் செய்து சொல்லியாயிற்றா, இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிறந்த குழந்தையானால் வழியெல்லாம் தாயின் மார்போடு ஒட்டிச் சூடாக வைத்திருக்க வேண்டும். மருந்து பாட்டிலையும் சீட்டையும் தூக்கி எறியக்கூடாது. வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி வாங்காமல் படி இறங்கக்கூடாது.

மூன்றாவது, நம் பக்கம் இருக்கிற சட்டம். தீண்டாமையைக் காட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவிலேயே குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர் சொல்லியே அதற்குள் நம்மைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு எந்த டாக்டரும் சிகிச்சையை மறுக்கக்கூடாது என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 1992-இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக்கை இடமில்லை என்று கொல்கத்தாவின் அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவர் ஒரு விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர். சங்கம் வழக்குப் போட்டது. அது வாழும் உரிமையை மீறியது என்று 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது. சங்கம் பின்னால் நின்றதால் வந்த தீர்ப்பு அது.

நான்காவது, ஒரு நோட்டு. என்ன தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு காசு கேட்டார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். பத்துப் பக்கம் சேர்ந்தால் அது மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் மேசைக்கோ டீன் மேசைக்கோ போகும். ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று தாளில் இருக்கிறது. அதில் யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடியது, எவ்வளவு செலவழித்தது என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளை செத்த ஆத்திரத்தில் கண்ணாடியை உடைப்பதும் டாக்டர் மேல் கைவைப்பதும் கூடாது. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது பிணையில் வரமுடியாத வழக்கு. உள்ளே போவது நம் பையன்கள். அதற்கும் மேலான காரணம், அந்த ஆஸ்பத்திரி நம்முடையது. தனியாருக்குப் போக வழியில்லாதவர்களுக்கு அதை விட்டால் வேறில்லை. அங்கே வார்டைக் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி நம் அக்கா. நூறு ரூபாய் கேட்கிறார் என்று அவர்மேல் பாய்கிற நாம், அவருக்கு ஒப்பந்தக்காரன் பிடித்துக்கொள்ளும் கூலியைப் பற்றியும் பேச வேண்டும். இருநூறு பேர் வரிசைக்கு ஒரே டாக்டரைப் போட்டிருப்பது அந்த டாக்டர் குற்றமில்லை. 2017-இல் அனிதாவை இழந்து நாம் கேட்டது வெறும் எம்.பி.பி.எஸ். சீட்டு அல்ல. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நம் தாய்மாரிடம் "வாங்கம்மா, புள்ளைக்கு என்ன?" என்று கேட்கும் ஒரு வாயைத்தான் கேட்டோம்.

இதெல்லாம் தொண்டு நிறுவன வேலை, விடுதலை அரசியல் பெரிசு, இப்படிச் சின்னதாக்கக் கூடாது என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் இதுதான். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தால் அது தொண்டு. தன் தெருக் குழந்தைக்காகத் தெருவே எழுந்து நின்று கேள்வி கேட்டால் அது அரசியல். நிலத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடுகிற நாம் தொட்டிலுக்கும் போராட வேண்டும். இன்னொன்றும் உண்டு. கூட்டம், மாநாடு என்று நம் ஆண்கள் சுற்றும்போது, காய்ச்சல் பிள்ளையோடு ஓ.பி. வரிசையில் நிற்பது எப்போதும் பெண்களாகவே இருக்கிறார்கள். துணைக்குப் போகும் வேலையைத் தொடங்கினால் அந்த வரிசையில் நின்று பார்க்கும் பாடம் ஆண் தோழர்களுக்கும் வாய்க்கும்.

அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் பொருளாக வையுங்கள். இருவர் பெயரையும் போன் நம்பரையும் தீர்மானமாக எழுதி, அங்கன்வாடிச் சுவரிலும் டீக்கடையிலும் ஒட்டுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த போன் அடித்தால் எடுங்கள்.